ஜெராக்ஸ் கடைப் பள்ளிக்கூடம்

மூன்று வயதுப் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவே மாட்டேன் என்று நான் அறிவித்தபோது திண்டிவனமே அதிர்ந்திருக்க வேண்டும். என் மனைவி பரிமளா வெண்டைக்காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

அவளுக்கு மயிலத்தில் ஒரு காலேஜில் ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. மகள் தமிழ்மொழியைத் தெருக்கோடி ப்ளே ஸ்கூலில் சேர்க்கலாம் என்றாள். டீச்சர் பொறுமைசாலி, பாத்ரூம் சுத்தம், கேட்டுக்கு ஆள் உண்டு என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தாள்.

"விளையாடறதுக்கு எதுக்கு ஸ்கூலு? எம் பொண்ண நானே கடையில வச்சிக்கினு பாத்துக்கறேன்."

"நெசமாவா?"

"எவன் வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்."

"சரிங்க."

அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வீட்டு முன்னறையில்தான் என் ஜெராக்ஸ் கடை. முதல் நாளே தமிழ்மொழி கண்ணாடியில் கையை வைத்துப் பதினோரு காப்பி எடுத்தாள். அதில் ஒன்று நடராசன் என்பவரின் பட்டா மனுவோடு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது. 'இது யாரோட கைரேகை?' என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சிவப்பு மையில் என் வேட்டி குளித்தது. மூன்றாம் நாள் ஒருவருடைய ஆதார் கார்டைக் காணோம், பாலுக்குள் கிடந்தது.

நான் அசரவில்லை. சாயங்காலம் மீசையில் மை சொட்டச் சொட்ட, ஒரு கஷ்டமும் இல்லை, பிள்ளை வளர்ப்பதெல்லாம் எனக்கு ஜுஜுபி என்று பரிமளாவிடம் அளந்தேன். அவள் அதை அப்படியே ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளோடு வேலை பார்க்கும் பர்வீன், ஸ்கூட்டரில் மகளோடு வந்து இறங்கினார்.

"அண்ணே, நீங்க புள்ளைங்கள தங்கமா பாத்துக்கறீங்களாமே. பரிமளா சொல்லிச்சு."

நான் பதில் தேடுவதற்குள் டிபன் பாக்ஸ் என் கையில், ஸ்கூட்டர் தெருமுனையில். பின்னாலேயே அதே ஆபீஸ் பொன்னி என்பவர் தன் இரட்டைப் பெண்களை விட்டுவிட்டுப் போனார். ஒரே ஒரு அசல்தான் வைத்திருந்தேன். கூடவே மூன்று காப்பி வந்துவிட்டது.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிமளாவிடம் தோற்றதாகிவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டுப் பாடினேன், நான்கு வாய்க்கும் தயிர்சாதம் ஊட்டினேன், ரயில் வண்டியாகத் தெருவில் ஓடினேன். வெள்ளிக்கிழமை, கடைக்கு வந்தவர்கள் அட்மிஷன் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் பரிமளா தமிழ்மொழிக்குப் புது கவுன் போட்டு, முதுகில் பையையும் மாட்டினாள். எங்கே என்று கேட்டேன்.

"ப்ளே ஸ்கூலுக்குங்க. சனிக்கிழமையே சேத்துட்டேன். நம்ம கடையில கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சி. இவளத் தனியா கவனிக்க உங்களுக்கு ஏது நேரம்?"

ஒரு பிரளயமே செய்துவிடுவதென்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் வந்து இறங்கிய இரட்டையரில் ஒருத்தி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், உச்சா."