கண்ணுக்கு எவ்வளவு போடலாம்?

கல்யாணமான நாளிலிருந்து ஒரு முறைகூட வள்ளியை ஏமாற்ற முடியாத கிட்டுசாமி, இந்த முறை ஏமாற்றியே தீருவது என்று முடிவு கட்டினார். சனிக்கிழமை காலை. டெக்சாஸில் ஆலன் நகரத்து வீட்டின் சமையலறை. கையில் காபி. அதுவும் வள்ளி போட்ட காபி. ஒருத்தியின் காபியைக் குடித்துக்கொண்டே அவளுக்கு எதிராகச் சதி செய்வது மனசை உறுத்தத்தான் செய்தது. என்ன செய்ய, அவருக்குக் காபி போடத் தெரியாது.

சதி ஒரு குதிரையைப் பற்றியது.

டெக்சாஸில் குதிரை வைத்திருப்பது அதிசயமில்லை. காங்கேயத்துக்காரர் ஒருவர் காளையை விட்டுவிட்டுக் குதிரை வைத்திருந்ததுதான் ஊரில் எல்லாருக்கும் அதிசயம். மகள் ஓவியா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சோறு தின்ன மாட்டேன் என்று அடம்பிடித்து வாங்க வைத்த குதிரை அது. தடை தாண்டும் போட்டிகளில் ஓடும். வெளிர் பழுப்பு நிறம் என்பதால் பிஸ்கட் என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயர் வள்ளிக்குப் பிடிக்கவில்லை. "தின்கிற சாமான் பேரை உசிருக்கு வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஓவியாவையும் அவள் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். லாயத்தில் நின்று கண்ணு என்று ஒரு குரல் கொடுத்தால் மகளும் குதிரையும் சேர்ந்து திரும்பிப் பார்க்கும். மகள் இப்போது ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள். போட்டி இருந்தால்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் குதிரை மட்டும் திரும்பிப் பார்த்தது.

அந்தக் குதிரைக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். குதிரை செத்துப்போனால் எவ்வளவு தர வேண்டும் என்று நாம்தான் ஒரு தொகை சொல்ல வேண்டும். வாயில் வந்ததைச் சொல்ல முடியாது. சந்தையில் அது எவ்வளவு போகுமோ அதற்குள் இருக்க வேண்டும். இந்த வருஷம் ஓவியா அதன்மேல் ஏறி மூன்று பரிசு ரிப்பன் வாங்கிவிட்டாள். நாற்பதாயிரம் டாலருக்குத் தாராளமாகப் போடலாம் என்று லாயத்துப் பயிற்சியாளர் டெப்பி சொல்லியிருந்தாள்.

நாற்பதாயிரம் என்று வள்ளி காதில் விழுந்ததுதான் கிட்டுசாமிக்குச் சிக்கல். ஏனென்றால் அதே நாற்பதாயிரத்துக்கு ஃபோர்ட் வொர்த் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்குக் குதிரையை விற்க அவர் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார்.

பேராசையால் அல்ல. கோடை ஆரம்பத்திலேயே அவருக்கு வேலை போய்விட்டது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை மீட்டிங் என்றார்கள். மீட்டிங் முடிந்தபோது அவருடைய லாகின் வேலை செய்யவில்லை. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு, காரை எடுத்தார். நூலகத்தில் போய் உட்கார்ந்தால் யாராவது ஒரு தமிழ்ப் பையன் வந்து, "என்ன அங்கிள், இன்னைக்கு லீவா?" என்று கேட்டான். காபிக் கடையிலும் அதே கதை. கடைசியில் யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று கிடைத்தது. பக்கத்து ஊரில் இருந்த குதிரை லாயம்.

அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வைக்கோல் கட்டின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலைக்கு அப்ளை பண்ணினார். எந்தெந்தக் கம்பெனி கூப்பிட்டது, எந்த ரவுண்டில் கழற்றிவிட்டது என்பதையெல்லாம் குதிரையிடம் சொன்னார். அது அவர் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டது. அவருக்கு வேலை போனது அந்த ஒரு ஜீவனுக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதையேதான் விற்கப் போகிறார்.

ஆனால் வேறு வழி தெரியவில்லை. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. குதிரையை விற்ற பணத்தைப் பிரித்து மாசா மாசம் சம்பளம் மாதிரி வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டால், இன்னும் கொஞ்ச நாள் மானத்தோடு இருக்கலாம். அதற்கு முதலில் கண்ணு காசுக்குப் பிரயோஜனமில்லாத குதிரை என்று வள்ளி நம்ப வேண்டும். குறைந்த தொகைக்கு இன்சூரன்ஸ் எடுக்க அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டால், இவ்வளவுதான் விலை என்றால் இதற்கு எதற்கு மாசா மாசம் லாய வாடகை, விற்றுவிடலாம் என்று அடுத்த அடி வைக்கலாம். இதுதான் திட்டம்.

"வள்ளி, குதிரை இன்சூரன்ஸ் ரினியூ பண்ணோணும்."

"பண்ணுங்க."

"எவ்வளவுக்குப் போடலாம்?"

"டெப்பி நாப்பதுன்னு சொன்னாங்களே?"

"டெப்பிக்கு என்ன தெரியும்?"

"குதிரையத் தெரியும்."

"எனக்கு இன்சூரன்ஸத் தெரியும்."

"உங்களுக்கு அதைத் தெரியும் மாமா. அதுக்கு உங்களத் தெரியுமா?"

கிட்டுசாமிக்குக் காபி புரையேறியது. இன்சூரன்ஸ் கம்பெனி அவரைக் கழற்றிவிட்ட விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? இல்லை, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

"நாப்பதுன்னா பிரீமியம் எகிறிரும் புள்ள."

"பிரியம் இருக்கறவங்க பிரீமியம் கட்டத்தான் வேணும்."

"அது இல்ல. பெரிய தொகையா எழுதினா கண்ணு பட்டுரும்."

"கண்ணுக்கே கண்ணு படுமா?" என்று கேட்டுவிட்டு வள்ளி அடுப்பை அணைத்தாள். "சரி, நேர்லயே போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். வண்டிய எடுங்க."

பாதி வழியில் காரின் ஸ்பீக்கரில் ஓவியா கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா டெக்ஸ்ட் பண்ணாங்க. பிஸ்கட்டுக்குக் கம்மியாப் போடாதீங்க, ப்ளீஸ்! ஹி இஸ் ஃபேமிலி."

"ஃபேமிலிதான் கண்ணு. அதுக்காக மார்க்கெட் ரேட்டுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ ஃபேமிலிக்கு மார்க்கெட் ரேட் என்னப்பா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

லாயத்து வாசலில் டெப்பி தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தாள். கிட்டுசாமியைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"சனிக்கிழமையுமா கிட்? யூ நெவர் டேக் அ டே ஆஃப்!"

கிட்டுசாமி இருமினார். இரண்டு ஆள் இருமுகிற அளவுக்கு இருமினார். வள்ளி எதுவும் காதில் விழாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். அப்பாடா என்று பின்னாலேயே போனார். போனால் குதிரை கம்பிக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணு என்று கூப்பிட்ட வள்ளியைத் தாண்டி, நேராக அவர் தோளில் மூக்கை வைத்தது.

"என்னங்க இது, உங்கமேல இவ்வளவு பாசம்?"

"ஆம்பளைக்கு ஆம்பளை," என்று சமாளித்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். "வயசாயிருச்சு பாரு. முன்னங்கால் ஒரு மாதிரி வெக்குது."

குதிரை அந்தக் காலால் தரையை ஓங்கி உதைத்தது.

"வயித்தப் பாரு, ஊதிப்போச்சு."

"உங்களுக்கும்தான்."

"நெத்தியில ரெட்டைச் சுழி வேற. விவரம் தெரிஞ்சவன் எவன் வாங்குவான்?"

"உங்க தலையிலயும் ரெட்டைச் சுழிதான். எங்கப்பா தெரிஞ்சேதான் வாங்குனாரு. நான் உங்கள வித்துப்போட்டனா?"

வள்ளியின் அப்பா கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். சுழி பார்ப்பதில் அவள் முன்னால் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

"அப்ப நீயே சொல்லு. எவ்வளவு?" என்றார் சலிப்பாக.

வள்ளி சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"இது செத்தா எவ்வளவுன்னு இது காதுபடப் பேசுவாங்களா? துண்டு போட்டுப் பேசலாம்."

சந்தையில் மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கைக்குமேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, நாலு விரல் என்றால் நாலு. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. கடைசியில் கையைக் குலுக்கிவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் பின்வாங்குகிறவன் மனுஷனில்லை.

குதிரை துடைக்கிற டவல் ஒன்றை வள்ளி கம்பியிலிருந்து உருவினாள். "நீங்க விக்கறவரு. நான் வாங்கறவ. அப்பத்தான் நெஜமான வெலை வரும். கைய நீட்டுங்க."

கிட்டுசாமிக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். இவளே வந்து வலையில் விழுகிறாளே! கையை நீட்டினார்.

டவலுக்கடியில் வள்ளி அவருடைய நாலு விரலைப் பிடித்தாள். நாற்பதாயிரம். அவர் தலையை ஆட்டி, அவளுடைய ஒரு விரலைப் பிடித்தார். அவள் மூன்று என்றாள். அவர் ஒன்று என்றார். அவள் இரண்டுக்கு இறங்கி, அந்த இரண்டு விரலையும் விடாமல் அழுத்தினாள். அவர் ஒன்றிலேயே நின்றார். சொந்தச் சரக்கின் விலையைத் தானே அடித்து இறக்கிய வியாபாரியை எந்தச் சந்தையும் பார்த்திருக்காது. வள்ளி பெருமூச்சு விட்டாள்.

"கடைசி வெலைதானுங்களா?"

"கடைசி வெலை."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கிட்டுசாமி பேச்சு மாறுவானா?"

கை குலுக்கினார்கள். டெப்பி வாசலிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவள் எதற்குக் காட்டுகிறாள் என்று கிட்டுசாமி யோசிப்பதற்குள் வள்ளி கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள். எடுத்துப் பார்த்தார். ஒரு டாலர்.

"என்ன இது?"

"வெலை. கண்ணுவ நான் வாங்கிட்டனுங்க."

"ஒண்ணுன்னா பத்தாயிரம் வள்ளி!"

"துண்டுக்கடியில பத்தாயிரம்னு எந்த வெரல் சொல்லுச்சு? ஒண்ணுன்னா ஒண்ணுதான். டெப்பி சாட்சி. அந்த ஃபோர்ட் வொர்த்காரர் நம்பரையும் டெப்பிகிட்ட வாங்கி, நேத்தே போன் பண்ணிட்டேன். குதிரை விக்கறதுக்கில்ல, ஓனர் மாறியாச்சுன்னு."

கிட்டுசாமி கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். தினமும் உட்கார்கிற வாளி என்பதால் பார்க்காமலே உட்கார வந்தது.

"உனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"மொத வாரத்துல இருந்தே. தெனமும் ஆபீஸ் போற சட்டையில வைக்கோல் இருந்தா? கம்ப்யூட்டர் என்ன வைக்கோலா திங்குது?" அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்தது. "ஒரு நாள் பின்னாலயே வந்தேன் மாமா. இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். இதுகிட்ட உக்காந்து அழுதுட்டு இருந்தீங்க. மூணாவது ரவுண்டுல வேண்டாம்னுட்டாங்கன்னு. குதிரைக்குத் தமிழ் புரியும், எனக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டீங்களா?"

கிட்டுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயாச்சும் கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். தெனமும் சாயந்திரம் கார் சத்தம் கேட்டா, இன்னைக்குச் சொல்லிருவாருன்னு நெனப்பேன். டிராஃபிக்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவீங்க. ஓவியா இல்லாத வீடு. நீங்களும் இருந்தும் இல்லாத மாதிரி. மருந்துக்கடையில எதுக்கு ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட்டும் கேட்டு வாங்கினேன்னு நெனக்கறீங்க? காசுக்கு மட்டுமில்ல. அந்த வீட்டுல தனியா உக்கார முடியல."

அவள் வேலை செய்வது வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடை. ஞாயிற்றுக்கிழமையும் போகிறாளே என்று போன மாதம் அவர் கோபப்பட்டது ஞாபகம் வந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை வள்ளி முன்னாலேயே அழுதார். குதிரை பழக்கப்படி மூக்கை நீட்டியது. வள்ளி அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டெப்பி குழாயை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

அழுது முடித்ததும், மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு கிட்டுசாமி டவலில் மூக்கைத் துடைத்தார்.

"சரி, ஓனரம்மா. இன்சூரன்ஸை எவ்வளவுக்குப் போடறதுன்னு சொல்லு. இன்னைக்கே முடிச்சர்றேன்."

"கண்ணுக்கா? போன வாரமே நாப்பதாயிரத்துக்குப் போட்டாச்சுங்க."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு வெலை பேசோணும்னு காலையில இருந்து என்னய இழுத்தடிச்ச?"

வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை மேலும் கீழும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"வேலை போனதோட ஆபீஸ்ல போட்டிருந்த உங்க இன்சூரன்சும் போயிருச்சில்லங்க? குதிரைக்காவது சந்தையில ஒரு வெலை இருக்குது. உங்களுக்கு எவ்வளவு போடறதுன்னுதான் எனக்கு ஒண்ணும் புரியலீங்க."