பழுப்பு ஒட்டகம் போட்ட கறுப்புக் குட்டி

அன்பு மருமகள் நிலோபருக்கு, மதுரையிலிருந்து மாமா சேக் இஸ்மாயில் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் மாமி மூன்று நாளாக அடுப்புப் பக்கமே போகவில்லை.

சவாரிக்கு வைத்திருக்கும் நம் பெண் ஒட்டகம் பழுப்பு. என் மகள் ஜஸீலாவைத் தன் மகன் இஜாஸுக்கு நிச்சயம் செய்திருக்கிற உபைதுல்லாவின் ஆண் ஒட்டகமும் பழுப்பு. இரண்டையும் சேர்த்தால் பிறக்கிற முதல் குட்டி அவருக்கு என்று பேச்சு. பதின்மூன்று மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை பிறந்த குட்டியோ அடுப்புக்கரி நிறம். பார்க்க வந்த உபைதுல்லா, பழுப்புக் குட்டியை நான் ஒளித்துவிட்டு வேறெதையோ கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். "எங் குட்டி வரட்டும், அப்புறம் நிக்காஹ் தேதி பேசுவோம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். ஜஸீலா நிக்காஹுக்கு எடுத்த புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நாகமலை புதுக்கோட்டையில் மரபணு படிக்கிற பிள்ளை சொல்கிறதே என்று, நீ போனில் சொன்னதை அப்படியே அவரிடம் போய் ஒப்பித்தேன். பழுப்பு ஒட்டகத்துக்குள் கறுப்பு வெளியே தெரியாமல் இருக்கலாம், தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பங்கு கொடுத்தால் குட்டி கறுப்பாகும், ஆகவே உங்கள் ஒட்டகத்துக்குள்ளும் கறுப்பு இருக்கிறது என்றேன். அதுவே வினையாகிவிட்டது. "எங்க ஒட்டகத்தையே இம்புட்டு பேசுறவுக, நாளைக்கு எம் மகனை என்ன பேசுவீக?" என்று கேட்டார்.

இனி சோதனை ஒன்றுதான் வழி. அவர் மதியத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் புகுந்து, ஆண் ஒட்டகத்தின் வாலில் ஒரு பிடி முடி பிடுங்கினேன். உதை முழங்காலில் விழுந்தது. என் தொழுகையை வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதேன். தாய், தகப்பன், குட்டி மூன்றின் முடியும் தனித்தனிப் பொட்டலமாக இதோடு வருகிறது. அவர் ஒட்டகம்தான் தகப்பன் என்று முத்திரை வைத்த தாளோடு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. அன்றைக்குள் பதில் இல்லையென்றால் சம்பந்தம் முறிந்தது என்று ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார். என் மகள் வாழ்க்கை உன் கையில் இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும், அதை மெதுவாக எடுத்துச் சொல்லும் நாவையும் தருவானாக. உன் அத்தா அம்மாவுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும் உன் மாமா,
சேக் இஸ்மாயில்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை இஜாஸ் பின்வாசல் வழியாக வந்தான். "சோதனையெல்லாம் வேணாம் மாமா. ரெண்டையும் சேக்குறதா இருந்த அன்னைக்கு எங்க ஒட்டகம் திண்டுக்கல்லுக்கு கல்யாண ஊர்வலம் போயிருச்சு. நாள் தவறுனா அத்தா ஏசுவாகன்னு, வாடிப்பட்டி பொருட்காட்சிக்கு வந்த கறுப்பு ஒட்டகத்தோட உங்க ஒட்டகத்த சேத்துவிட்டேன்" என்றான். முடிப் பொட்டலங்களை அடுப்பில் போட்டுவிட்டேன், உறைக்குள் தேடாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. பழுப்புக்கும் பழுப்புக்கும் கறுப்பு பிறக்கலாம் என்ற பொது விஷயத்தை மட்டும் சொல், அதில் பொய் இல்லையே. இந்தக் குட்டிக்குத் தகப்பன் எது என்று அவர் கேட்டால் மட்டும், உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட வேண்டும்.