பச்சை மையில் ஒரு பேரரசு

பேரரசுகள் பகைவரால் அழிந்தன என்று பாடநூல்கள் கூறுவது பிழை. காப்புப் பிரதி எடுத்து வைக்காததால்தான் அழிந்தன. உலகில் முதன்முதலாக இதைக் கண்டறிந்தவர், கள்ளக்குறிச்சியில் ஒரு மேனிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் இளஞ்செழியன்.

அது 2006. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். சுவரெல்லாம் சுவரொட்டி, சாலையெல்லாம் மறியல், ஊரார் கையிலெல்லாம் சாதிச் சான்றிதழின் நகல். அந்த நகல் செல்லுபடியாக வேண்டுமானால், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் அதை அசலோடு ஒப்பிட்டு, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திப் பச்சை மையில் கையொப்பமிட வேண்டும். இளஞ்செழியன் அத்தகைய அலுவலர். பச்சைப் பேனாவைப் பிரிய மனமின்றிப் பனியனுக்கும் பை வைத்துத் தைத்துக்கொண்டவர்.

வீட்டுக்குள் அவர் பேரரசர். 'கணினிக் கல்வி'க்கென்று வாங்கிய கணினியில், நாடு பிடிக்கும் விளையாட்டு ஒன்றை, முற்றிலும் கல்வி நோக்கோடு, சோறு மறந்து ஆடிவந்தார். ஒரே குறை, அவருடைய படை ஆற்றங்கரையை அடைந்ததும் திரை உறைந்துவிடும். மனைவி ஆண்டாள் அந்த விளையாட்டு சிடியின்மேல் ஒருமுறை காபி டம்ளரை வைத்ததே காரணம் என்று அவர் தீர்ப்பளித்திருந்தார்.

"சிடி முழுதாகக் கெடுவதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும்" என்று முடிவாயிற்று. துருகம் சாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெரினிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஒரு பிரதி வீட்டு பீரோவுக்கு, ஒன்று பள்ளி பீரோவுக்கு, ஒன்று வடக்கனந்தலில் மாமனார் வீட்டு அரிசி டிரம்முக்கு. எந்தப் பேரிடர் வந்தாலும் பேரரசு பிழைக்கும்.

மறியலால் பள்ளி மூடியிருந்த ஒருநாள் ஜெரின் பிரதிகளோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பூமாலை நின்றிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து தக்காளி வேனில் ஏறி வந்த பெண். ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தை, பச்சை மையிட்ட சாதிச் சான்றிதழ் நகலோடு, அன்று மாலை ஐந்துக்குள் டவுன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"அசல் எங்கேம்மா?"

"உண்மையா பொய்யான்னு பாக்கணும்னு தாலுக்கா ஆபீசுல வாங்கி வச்சிக்கினாங்க சார். ஜெராக்ஸ்தான் இருக்குது."

தலைமையாசிரியருக்குக் கதை சொல்வதில் பற்று அதிகம். "ஒரு நரி, ஓடைத் தண்ணீரில் தெரிந்த நிலாவை அசல் என்று நம்பிக் குடித்ததாம். குடிக்கக் குடிக்க வயிறு வீங்கியதே தவிர நிலா குறையவில்லை. ஆகவே, அசலைப் பார்க்காமல் நகலை நம்பலாகாது."

"அந்த நரிக்கு இன்னைக்கிக் கடைசி நாளுங்களா சார்?"

"உட்காரும்மா. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு யோசிப்போம்."

கையில் இருந்த வேலை, பிரதிகளைச் 'சரிபார்த்தல்'. பார்க்காமல் கையொப்பமிடுவது அறமன்று என்பதால், ஒவ்வொரு பிரதியையும் முதலிலிருந்து ஆடிப் பார்த்தார். மூன்றிலும் படை ஆற்றங்கரையில் உறைந்து நின்றது. அவர் மகிழ்ந்தார். அசல் நின்ற இடத்திலேயே நகலும் நிற்கிறது. இதைவிட உண்மையான நகல் ஏது? மூன்று உறைகளிலும் முத்திரை குத்திப் பச்சை மையில் கையொப்பமிட்டார்.

ஜெரின் தலையைச் சொறிந்தான். "சார், உங்க அசலே நான் போட்டுக் குடுத்ததுதான். சேலத்துல ஒருத்தன்கிட்ட இருந்த நகல்லருந்து எடுத்தது. மேல அட்டை மட்டும் கலர் ஜெராக்ஸு."

"அப்படியானால் அந்த ஆறு?"

"அந்த ஆத்த யாருமே தாண்டினதில்ல சார்."

"டம்ளரு டம்ளருன்னு என்னையே சொல்லிக்கினு இருந்தீங்களே" என்றார் ஆண்டாள் உள்ளிருந்து.

பூமாலை எழுந்து வந்தாள். "அசலு இல்லாத சிடிக்குப் போட்டீங்க. என்னுதுக்கும் போடுங்க சார். இல்லன்னா அந்த உறையில ஒண்ணு குடுங்க, சேத்துக் கட்டி நீட்டுறேன். பச்சை மைதானே கேக்குறாங்க."

"அது விளையாட்டு அம்மா. இது வாழ்க்கை. வாழ்க்கைக்கு விதி உண்டு" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விதியைத் தளர்த்தும் பெருந்தன்மை அந்தக் கணத்தில் அவருக்குள் சுரந்தது. நகலைச் சீராக விரித்து, முத்திரையை ஊதி ஈரமாக்கிக் குத்தி, அழகாகக் கையொப்பமிட்டார். நேர்மையாளர் ஆதலால் தேதியோடு நேரத்தையும் குறித்தார். ஐந்தே கால்.

பூமாலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆபீஸ் மூடியிருப்பாங்களே. இத வச்சிக்கினு இன்னா சார் பண்றது?"

"பத்திரமா வச்சிக்கோம்மா" என்றார் அவர் கனிவோடு. "அதுதான் காப்புப் பிரதி."

அவள் மலைக்கு வேன் கிடைக்குமா என்று பார்க்கப் போனாள். ஆற்றைத் தாண்டாத மூன்று படைகளும் மூன்று இடங்களில் பத்திரமாக வைக்கப்பட்டன. தாண்ட முடியாமல் பூமாலையின் கையில் நின்ற நான்காவது நகலைப் பற்றி யோசிக்க நேரமின்றி, தலைமையாசிரியர் கணினியின் முன் அமர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆடத் தொடங்கினார்.