உள்பக்கம் கைப்பிடி இல்லாத தியேட்டர்

இருபது வருடம் சூளையோடு மட்டுமே பழகிய ஒருவனிடம் ஒரு காலி அறையைக் கொடுத்தால், அவன் அதையும் சூளையாகத்தான் மாற்றுவான். இது எனக்கு இப்போது தெரிகிறது. மூன்று வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் அப்படி வியர்த்து வழிந்து நின்றிருக்க வேண்டியதில்லை. (என்னைவிட அதிகமாக வியர்த்தவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கதையே.)

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் நான் சூளைப் பொறுப்பாளன். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம், எப்போது கதவைத் திறக்கலாம் என்றெல்லாம் முடிவு செய்வது நான்தான். அங்கே நான் ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேர் ஓடுவார்கள். வீட்டில் நான் சொன்னால் ஃபேன்கூட ஓடாது. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

எங்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருந்தது. காலி என்றால் பழைய மெத்தை, முந்திரிக்கொட்டை மூட்டை, ஓடாத சைக்கிள், யாரோ எப்போதோ அன்பளிப்பாகக் கொடுத்த ஏழு சுவர்க் கடிகாரங்கள். ஒருநாள் என்னோடு வேலை செய்பவர் வீட்டில் சுவர் முழுக்கப் படம் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பின்னாடி ரூம தியேட்டரா மாத்தப் போறேன்" என்று அறிவித்தேன்.

"அப்ப என் தையல் மிஷின எங்க போடறது?" என்றாள் என் மனைவி செல்வி.

"விருந்தாளி வந்தா எங்கடா படுப்பாங்க? உன் படத்து மேலயா?" என்றாள் அம்மா.

தங்கை தமிழரசி மட்டும் கொஞ்சம் ஆதரவாகப் பேசினாள். அவள் கம்மாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுப்பாள். "சத்தம் வராத ரூமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்ண்ணே. ரயிலு போற சத்தத்துல நான் சொல்றது பசங்களுக்கு பாதிதான் கேக்குது" என்றாள். ஜங்ஷன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் ஒரே மூச்சில் முடிந்தது கிடையாது.

ஆக, தியேட்டர், தையற்கூடம், விருந்தினர் அறை, வகுப்பறை எல்லாம் ஒன்றே என்று முடிவானது. பல்நோக்கு என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். (செல்வி வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.)

வேலையை ஆரம்பித்தேன். சத்தம் வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது. இதற்குக் கடையில் என்னென்னவோ பலகை விற்கிறார்கள். எனக்கு எதற்கு அதெல்லாம்? சூட்டையே வெளியே விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்தவனுக்குச் சத்தம் ஒரு பொருட்டா? சூளையின் உட்சுவரில் பதிக்கிற வெள்ளைப் பஞ்சுப் போர்வையை வாங்கி நான்கு சுவரிலும் பதித்தேன். அதன் மேல் தகர ஃபாயில். அதன் மேல் கல்யாண மண்டப நாற்காலிக்குப் போடுகிற சிவப்புத் துணி. அந்தப் பஞ்சு தோலில் பட்டால் அரிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருடமாகச் சொறிந்துகொண்டிருப்பவனுக்கு அது அரிப்பாகவா தெரியும்?

கதவுக்கு எங்கள் யூனிட் வெல்டர் அந்தோணியைப் பிடித்தேன். "அந்தோணி, நம்ம சூளைக் கதவு எப்பிடி இருக்குது? அதே மாதிரி, ஒரு பொட்டுக் காத்து போவக்கூடாது" என்றேன். அருமையாகச் செய்துவிட்டார். இரும்புத் தகடு, சுற்றிலும் கயிறு வைத்த விளிம்பு, சாத்தினால் தன் கனத்திலேயே விழுந்து மாட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள். விளக்கு, புரொஜெக்டர் சுவிட்சுகளையெல்லாம் நான் அறைக்கு வெளியே வைத்தேன். சூளைக்கு எங்கேயாவது உள்ளே சுவிட்ச் வைப்பார்களா? ஏசி மட்டும் பாக்கி. மாட்டுகிறவர் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் கதவை ஒரு செங்கல் வைத்து எப்போதும் திறந்தே வைத்திருந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாரும் ஒரு நிமிடம்கூட இருந்து பார்த்தது கிடையாது. இதைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைக்கவில்லை.

இப்போது தமிழரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு என் தலையில். அவளுக்கு முப்பது ஆகிவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய் போன் பண்ணுகிறோம் என்றவர்கள்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். மாப்பிள்ளையோடு தனியாகப் பேசாமல் தலையாட்ட மாட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் தனியாக என்றால் ஹாலின் மூலையில், எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, மூன்று நிமிடம். ஒரு வீட்டார், பொண்ணு கேள்வி கேக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திவிட்டாள். போனால், உன் மகளுக்கு எப்போ என்று கேட்பார்களாம். பத்திரிகைகள் வரும், பிரிக்காமலே ஷெல்ஃபில் வைப்பாள்.

அந்தச் சித்திரை மாதத்தில் பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சரவணன், சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை. அவர், அவருடைய அம்மா, தாய்மாமன், மூன்றே பேர். பழமலைநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாந்தமான மனுஷி. தாய்மாமன் அப்படியில்லை. தண்ணீர் கொடுத்தால்கூட டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடிக்கிற ரகம்.

பஜ்ஜி முடிந்ததும் தமிழரசி, "நான் இவரோட கொஞ்சம் பேசணும்" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேசட்டுமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாடியில் வெயில் கொளுத்துகிறது. ஹாலில் நாங்கள். நான் துள்ளி எழுந்தேன். "நம்ம ஹோம் தியேட்டர் இருக்குது. உள்ள பேசுனா வெளிய ஒரு எழுத்து கேக்காது" என்றேன். தங்கைக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அந்த அறையைச் சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்ற நமைச்சல்தான் அப்போது எனக்குள் அதிகம். இருவரையும் அழைத்துப் போய் உட்கார வைத்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் ஒரு காட்சியைத் திரையில் ஓடவிட்டேன். ரிமோட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். வெளியே வந்து, காலால் செங்கல்லைத் தள்ளி, கதவைச் சாத்தினேன். டங் என்று தாழ்ப்பாள் விழுந்தது. ஆஹா, என்ன ஒரு சத்தம் என்று ரசித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தேன்.

பத்து நிமிடம் ஆனது. வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

இருபது நிமிடம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ள எங்கிட்டயே இவ்ளோ நேரம் பேசுனதில்லைங்க. ரெண்டு வார்த்தைக்கு மேல அவனுக்கு வராது" என்றார். அம்மா எழுந்து போய் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாள்.

நான் தாய்மாமனுக்கு அறையின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கேயோ தொலைவில் தடதடவென்று ஒரு சத்தம்.

"அது என்னாங்க சத்தம்?" என்றார்.

"கூட்ஸு வண்டிங்க. இங்க எப்பவும் இப்பிடித்தான்."

"கூட்ஸு வண்டி உங்க வூட்டுக்குப் பின்னாடியா போவுது? தண்டவாளம் முன்பக்கமில்ல இருக்குது?"

"காத்து திரும்பி அடிக்குது" என்றேன். (நான் இப்படிச் சொன்னதைச் செல்வி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.)

நாற்பது நிமிடம் தாண்டியதும் தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். செல்வி இரண்டு டம்ளர் மோரோடு போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தட்டுனேன், பதிலே காணும்ங்க. தொறக்கட்டுமா?"

"அறிவிருக்கா உனக்கு? சின்னஞ்சிறுசுங்க பேசிக்கிட்டு இருக்குது. நீ தட்டுனா அவுங்களுக்கு எப்பிடி கேக்கும்? அதான் நான் கட்டுன கதவு!"

செல்வி என்னைப் பார்த்தாள். "சரி. அவுங்க தட்டுனா நமக்கு எப்பிடிங்க கேக்கும்?"

அப்போதுதான் எங்கள் சூளைக் கதவு மனக்கண்ணில் வந்தது. அதன் வெளிப்பக்கம். பிறகு உள்பக்கம். வழவழவென்று ஒரு பக்கம்.

"ஐயையோ!" என்று நான் அலறியதில் மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

ஓடினேன். எல்லோரும் பின்னால் ஓடி வந்தார்கள். தாழ்ப்பாள் புதுசு, கயிற்றில் இறுகிக்கொண்டு அசையவில்லை. நானும் தாய்மாமனும் சேர்ந்து தூக்கினோம். கதவு திறந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ சூளை திறந்திருக்கிறேன். அப்படி ஒரு அனல் என் முகத்தில் அடித்ததில்லை.

முதலில் வந்தது சத்தம். மீன் படத்தின் பின்னணி இசையை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார்கள், வெளியே யாருக்காவது கேட்கட்டும் என்று. அதற்குப் பின்னால் சரவணன் வந்தார். சட்டை பிழிந்தெடுத்தது போல் ஒட்டியிருந்தது. கதவையும் சுவரையும் தோளால் முட்டி முட்டிச் சுவர்த் துணி கிழிந்து, தலையெல்லாம் வெள்ளைப் பஞ்சு. இரண்டு கையாலும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தமிழரசி. கையில் என் புத்தம்புது திரை! ஸ்டாண்டிலிருந்து பிய்த்து, மடித்து, விசிறியாக்கி, அவருக்கு வீசிக்கொண்டே வந்தாள்.

"போன் பண்ணியிருக்கலாமே மாப்ள?" என்றேன். (என்ன ஒரு கேள்வி!)

"சிக்னலே இல்லைங்க" என்றார் பாவம். தகர ஃபாயில் தன் வேலையைக் காட்டியிருந்தது.

"தண்ணிக்குள்ள மீனு நீந்துது. எங்களுக்கு குடிக்க ஒரு சொட்டு இல்ல. நீயெல்லாம் ஒரு அண்ணன்!" என்றாள் தங்கை. செல்வி கையிலிருந்த இரண்டு டம்ளர் மோரும் ஒரே மடக்கில் காலியானது.

தாய்மாமன் குதித்தார். "என்னா வூடுய்யா இது? வெளிய தாழ்ப்பாளு, வெளிய சுச்சு, கத்துனா கேக்காது! ஆள கடத்தறதுக்கா ரூம் கட்டி வெச்சிருக்கீங்க? அக்கா, கெளம்பு, போலாம். இந்தச் சம்பந்தமே வேணாம்!"

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தியேட்டர் ஆசையில் தங்கச்சி வாழ்க்கையில் மண்ணைப் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"மாமா, கொஞ்சம் இருங்க" என்றார் சரவணன், சொறிவதை நிறுத்தாமல். "எனக்குப் புடிச்சிருக்குது."

எங்கள் எல்லோருக்கும் போன உயிர் பாதி திரும்பியது. மறுபாதியைத் தமிழரசி பிடித்து வைத்திருந்தாள்.

"என்னைய யாரும் கேக்கலியே" என்றாள்.

அம்மா தலை நிமிரவே இல்லை.

தமிழரசி அம்மாவைப் பார்த்துப் பேசினாள். "கதவு தொறக்கலேன்னதும் இவரு பயந்துட்டாரும்மா. எனக்குப் பயமா இருக்குதுங்க, கொஞ்சம் பேசிக்கிட்டே இருங்கன்னு எங்கிட்ட சொன்னாரு. வந்து பாத்துட்டுப் போனவங்கள்ல ஒருத்தன்கூட அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான், வீராப்பா நின்னுருப்பான். அப்புறம் நான் கேட்டது எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. எனக்குச் சம்மதம்."

அம்மா அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா அழுதார். நானும் அழுதேன். வியர்வை என்று சொல்லிச் சமாளித்தேன். தாய்மாமன் மட்டும் அறைக்குள் தலையை நீட்டிக் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தோணியை ஒரு பிடி பிடிக்கலாம் என்று போனேன். "ஏம்ப்பா, உள்பக்கம் கைப்பிடி வெக்கணும்னு தோணலியா?"

அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அமைதியாகக் கேட்டார். "சூளை மாதிரி வேணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. சூளைக்குள்ள யாரு சார் இருப்பாங்க?"

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அம்மா இப்போது ஒரு பத்திரிகை விடாமல் எல்லாக் கல்யாணத்துக்கும் போகிறாள். அறையில் பஞ்சைப் பிய்த்தாகிவிட்டது, ஏசியும் மாட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை படமும் ஓடுகிறது. தையல் மிஷின் பாதித் திரையை மறைக்கும், பழகிவிட்டது.

புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை வராமலா இருக்கும்? தமிழரசிக்கும் மாப்பிள்ளைக்கும் வந்தால் நன்றாகவே வரும். இரண்டு நாள் பேசிக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் நாள் பெண்ணாடத்திலிருந்து எனக்குப் போன் வரும். போன வாரமும் வந்தது.

"தம்பி, ரெண்டும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருக்குதுங்க. பத்து மணி பஸ்ஸுல ஏத்தி வுட்டுருக்கேன். ரூம் காலியாத்தான இருக்குது?"

"இருக்குதுங்க அத்தை. ஏசி போட்டு வெச்சிடறேன்."

"ஐய, ஏசியெல்லாம் வேணாம் தம்பி" என்றார் என் தங்கையின் மாமியார். "வெளிய தாழ்ப்பாளப் போட்டுட்டு, மீனு படத்த மட்டும் ஓட வுடுங்க."