சர்வகலாசாலையில் நான் மிதித்த தீ

நான் தீ மிதித்தவன் என்று எங்கள் தீவின் வடக்கே குட்லண்ட்ஸ் பக்கம் இன்னும் நாலைந்து பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தயவுசெய்து இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

தீவின் தெற்கே சுரினாம் என்ற எங்கள் ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. அதை நம்பி அப்பா என்னை இரசாயனம் படிக்க லண்டனுக்குக் கப்பலேற்றினார். (தமிழ் நானாகப் படித்தது. பிழை இருந்தால் என்னைத் திட்டுங்கள், சர்வகலாசாலையை விட்டுவிடுங்கள்.) ஊரில் நான் தும்மினால் நாலாவது வீட்டில், "யாரு, செல்லன் மவனா?" என்பார்கள். அங்கே ஒரே கூடத்தில் முந்நூறு பேர். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டுப் போனேன். நான் வராதது பேராசிரியருக்கும் தெரியவில்லை, பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் தெரியவில்லை.

ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன், "உங்கள் தீவில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான்.

"கரும்பு போடுவோம்."

அவன் சூப்பைக் குடிக்கப் போய்விட்டான். நான் குரலை உயர்த்தினேன். "நெருப்பின் மேல் நடப்போம்" என்றேன்.

கரண்டிகள் நின்றன. "நீயுமா?"

"வருஷா வருஷம்!"

குளிரில் பாளம் பாளமாக வெடித்திருந்த என் குதிகாலைக் காட்டினேன். நெருப்புத் தழும்பு என்றே எல்லாரும் நம்பினார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் எனக்கென்று இடம் பிடித்து வைத்தார்கள். முந்நூறு பேருக்கும் என் பெயர் தெரிந்தது. (கணப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தபோது மேசை மேல் ஏறிவிட்டேன். அதைப் பக்திப் பரவசம் என்று சமாளித்தேன்.)

அங்கே வைத்தியம் படித்த சதாசிவம் என்பவன் குட்லண்ட்ஸ்காரன். வடக்கே இருப்பவனுக்குத் தெற்கே யார் தீ மிதிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கேட்டதை அப்படியே வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டான்.

நாலு வருஷம் கழித்துப் பட்டத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா சொம்புத் தண்ணீரை நீட்டியபடியே கேட்டாள்.

"ஏன்டா, நீ வருஷா வருஷம் தீ மிதிக்கிறவனாமே?"

"யாரும்மா சொன்னது?"

"குட்லண்ட்ஸ்ல சதாசிவம் வீட்டுக்காரங்க. அவன் தங்கச்சியை உனக்குக் குடுக்கணுமாம். இப்படிப்பட்ட பக்திமான்தான் வேணுமாம்."

"அது... அங்க சும்மா பேச்சுக்கு..."

"சும்மா பேச்சுக்கு அம்மன்தான் கிடைச்சாளா உனக்கு? கோயில்ல பேர் குடுத்துட்டேன். அவங்களும் பார்க்க வர்றாங்க. நீ நடந்துட்டா அது பொய் இல்லாம போயிடும்."

நான் வந்த கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நின்றது. ஆனால் பெண்வீட்டார் கடிதத்தோடு பெண்ணின் புகைப்படமும் வந்திருந்தது. பார்த்துவிட்டேன். கப்பலை மறந்தேன்.

பத்து நாள் விரதம். பதினோராம் நாள் மஞ்சள் வேட்டியோடு குழியின் விளிம்பில் நின்றேன். கனன்று சிவந்த கரி எத்தனை சூடு என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாலு வருஷப் படிப்பில் அன்று பயன்பட்டது அது ஒன்றுதான். எனக்கு முன்னால் நின்ற அறுபது வயது அம்மாள், கடைக்கு உப்பு வாங்கப் போகிறவள்போல நடந்து அக்கரை சேர்ந்தாள். அங்கே கால் நனைக்கப் பால்குழி.

"போடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

கண்ணை இறுக மூடினேன். ஓடினேன். கால் சுடவே இல்லை! அம்மனே, இவ்வளவு கருணையா என்று நினைக்கும்போது பக்கத்தில் யாரோ, "ஐயோ, மோ லிப்யே!" என்று அலறுவது கேட்டது. (எங்கள் கிரியோலில் 'ஐயோ, என் கால்!') பாவம், யாருக்கோ சுட்டுவிட்டது என்று இரக்கப்பட்டபடியே பால்குழிக்குள் தலைகுப்புற விழுந்தேன்.

அம்மா என் காலைத் தூக்கிப் பெண்வீட்டாருக்குக் காட்டினாள். "பாருங்க, ஒரு கொப்புளம் உண்டா?" இரண்டே மாதத்தில் கல்யாணம்.

கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவி தெய்வானை தன் வலது காலை நீட்டினாள். கட்டைவிரல் நகம் கறுத்துக் கோணியிருந்தது.

"என்ன இது?"

"நீங்க மிதிச்ச தீ."

நான் குனிந்து நகத்தைப் பார்த்தேன்.

"குழி ஓரமா முதல் வரிசையில நின்னேன். கண்ணை மூடிக்கிட்டு நெருப்பை விட்டு விலகி ஓரத்துலயே ஓடி வந்தீங்க. பொகையில யாருக்கும் தெரியல. எனக்குத்தான் தெரிஞ்சுது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கல்யாணம் நின்னுடாதா? அம்மிக்கல் விழுந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்." பிறகு சிரித்தாள். "அவ்வளவு பயத்துலயும் மனுஷன் திரும்பி ஓடலையே, முன்னாலதானே ஓடினாரு!"

சர்வகலாசாலை கொடுத்த பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தீமிதி நாளன்று மட்டும் பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து தெய்வானையின் கட்டைவிரலைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.