நீர்ப்பல்லிக்கு எதிரே மூன்று வேளை

அன்றும் புழு அப்படியே கிடந்தது. தொட்டிக்குள் இருந்த நீர்ப்பல்லி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, கடன்காரனைக் கண்டதுபோல் கல்லுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் புழுவை அதன் பக்கம் தள்ளிப் பார்த்தார். மனைவி போய் மூன்று மாதம். தனக்கு நோய் என்று தெரிந்த பிறகு அவள் தேடிப்போய் வாங்கி வந்தது இது. அவள் கையால் தின்று வளர்ந்ததில் மிஞ்சிய உயிர் இது ஒன்றுதான். அவரையும் சேர்த்தால் இரண்டு.

தொட்டியில் அவள் ஒட்டிவைத்த சீட்டு இருந்தது: 'குளிர் வந்தால் சாப்பிடாது. எதிரே உட்கார்ந்து யாராவது சூடாகச் சாப்பிட வேண்டும். மூன்று வேளையும். நின்றுகொண்டு தின்றால் கணக்கில்லை.'

அதுவரை பிஸ்கட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் அடுப்பைப் பற்றவைத்தார். முதல் நாள் சோறு அடிபிடித்தது. நீர்ப்பல்லி மறுகோடிக்கு நகர்ந்துவிட்டது. மைத்துனிக்குப் போன் போட்டு, அக்கா எப்படிச் சமைப்பாள் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். ஒருநாள் மனைவியின் சமையல் வாசனை அப்படியே வந்துவிட்டது. அன்று அவருக்கே சோறு இறங்க வெகுநேரமானது.

தொட்டியை மேஜையில், அவள் உட்காரும் பக்கம் வைத்தார். அது வாலைக்கூட அசைக்கவில்லை. மதியம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். கண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள் பூட்டைப் பரிசோதித்துவிட்டுப் போனார்கள்.

மைத்துனி வந்து பார்த்தாள்.

"என்ன அத்தான், தொப்பை போட்டிருக்கு?"

"என்னை விடும்மா. அதைப் பாரு, இளைச்சுப் போச்சு. நான் இன்னும் கொஞ்சம் நல்லா சாப்பிடணும்போல."

கடைசியில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில், அதை விற்ற செல்லப்பிராணிக் கடைக்கே போனார். அதுவும் போய்விட்டால் வீட்டில் யாருக்கு எதிரே உட்காருவது?

அந்தக் கடைக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். குளிரில் இதற்குப் பசி அடங்கிவிடும். வெயில் வந்தால் தானே தின்னும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

"எதிர்ல உக்காந்து சாப்பிட்டாக்கூடவா?"

"அப்படி யார் சார் சொன்னது?"

அவர் தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து நீட்டினார். கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். பிறகு மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குளிர்காலத்துல இது சாப்பிடாதும்மான்னு, வாங்க வந்தவங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன் சார். அப்படி ஒண்ணுதான் வேணும், வீட்டுல ஒருத்தரைச் சாப்பிட வைக்கணும்னாங்க."