ரசலையன் வாத்தியார் ஏறிய ஏற்றம்

இனிமேல் காலைப் பலகாரத்தோடு ரெண்டு முட்டை வேண்டும் என்று ரசலையன் வாத்தியார் ஒரு திங்கட்கிழமை தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவர்தான். எதிர்க்கட்சி அடுப்படியில் புகை ஊதிக்கொண்டிருந்தது.

"ரெண்டு முட்டையா? என்னத்துக்கு?" என்றாள் தங்கபாய்.

"ஏட்டி, நான் பழையபடி நடந்தா போறேன்? சைக்கிள்ல போறேன். கூனன்பாறை ஏத்தத்தக் கால் ஊணாம ஏறணும்னா உடம்புல வலு வேண்டாமா?"

"அடை வைக்கியதுக்குல்லா முட்டை சேத்து வச்சிருக்கேன்."

"கோழிக்குஞ்சு பெருசா, புருசன் பெருசா?"

தங்கபாய் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்ததே வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முட்டை வந்தது. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் முதல் சாயங்காலம் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது.

கூனன்பாறையின் உச்சியில் மிஷன் பள்ளிக்கூடம். பன்னிரண்டு வருஷம் அதற்கு நடந்தே போய்வந்தவர் வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருஷம் ஓணம் கழிந்ததும் குழித்துறையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாவாவிடம் போய், புத்தம் புதுச் சீமைச் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். பாவா நல்ல மனுஷர். வண்டியை நிறுத்தி வைத்துப் பின்சக்கரத்தைக் காட்டினார்.

"வாத்தியாரே, ஒங்க ஏத்தத்துக்கு இது ஒக்காது. பின்னால பல்லு கூடுதல் உள்ள சக்கரம் ஒண்ணு மாட்டித் தாறேன். மிதி லேசா இருக்கும்."

"அதெல்லாம் பொம்பிளையளுக்கு ஓய். எனக்கு இதே போதும்."

பல்லை வேண்டாம் என்றவர், மற்ற எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேட்டியைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப்பு. ரப்பர் அடிவைத்த வெள்ளைக் கான்வாஸ் ஜோடு. தூரத்தில் வரும்போதே கோழிகளைக் கலைக்கும் ஒரு மணி. மாப்பிள்ளை கணக்காக ஊருக்குள் வந்து இறங்கினார்.

முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. ஏற்றத்தின் அடியில் பதினைந்து மிதி. அதற்கு மேல் வண்டி அவரை ஏற்ற மறுத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் வளைவு தாண்டியாகிவிட்டது, இனி ஊர்க்கண்ணுக்குத் தெரியாது. அங்கே இறங்கினார். சீமைச் சைக்கிளைச் சண்டி மாட்டைப்போலத் தள்ளிக்கொண்டு போனார். உச்சியில் பள்ளிக்கூடம் தெரிகிற இடத்தில் மறுபடி ஏறி, மணியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று முதல் அவர், கூனன்பாறையைக் கால் ஊன்றாமல் ஏறுகிற ஒரே மனுஷர் ஆனார்.

இந்தப் பட்டத்துக்கு முட்டையைத் தவிர இன்னொரு உபயோகமும் இருந்தது. கூனன்பாறைச் சபையில் எழுத்து வாசனை அறியாத பெண்கள் முப்பது பேர். ஞாயிறு மத்தியானம் உச்சியில் உள்ள பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உபதேசியார் இஸ்ரவேல் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கபாய் மிஷன் போர்டிங்கில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அந்த வகுப்பு தனக்கு வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள்.

"நான் போகட்டா?" என்று கேட்டாள்.

"நீயா? முட்டை தின்னிய எனக்கே மூச்சு முட்டுது. பொம்பிளை ஏறக்கூடிய ஏத்தமாட்டி அது?"

ஏற்றமெல்லாம் சும்மா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் வாத்தியாருக்கு ஆட்டுக்கறியும் சோறும் வேண்டும். தின்றபின் நாலு மணி வரை தூக்கம் வேண்டும். அவள் மலையேறினால் கறி யார் வைப்பது? பிள்ளைகளை யார் பார்ப்பது? அதுதான் சங்கதி. ஏழு வருஷம் படித்தது உள்ளி உரிப்பதற்குத்தானா என்று தங்கபாய்க்கு நெஞ்சு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை கான்வாஸ் ஜோட்டைக் கழுவ எடுத்தவள் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் தேய்ந்து ஓட்டை விழ இருந்தது. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. சைக்கிளில் உட்கார்ந்து போகிற மனுஷனுக்கு ஜோடு தேய்வானேன்? தங்கபாய் அதைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி வெயிலில் வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து காகிதமும் பேனாவும் எடுத்தாள்.

மறுநாள் ஆராதனையில் உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளை வாசித்தார். ஒருவர் காய்ச்சல் நீங்கியதற்கு. ஒருவர் பசு கன்று போட்டதற்கு. மூன்றாவது சீட்டு வந்தது.

"சகோதரி தங்கபாய், முட்டை ரெண்டு. தன் கணவருக்கு நாற்பத்தாறாம் வயதிலும் கூனன்பாறை ஏற்றத்தைக் கால் ஊன்றாமல் சைக்கிளில் ஏறும் பெலனைக் கர்த்தர் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம். அந்தப் பெலனை ஊழியத்துக்கென்று நேர்ந்து பொருத்தனை செய்து, கூனன்பாறைப் பெண்களின் வாசிப்பு வகுப்பை வருகிற ஞாயிறு முதல் நடத்த அவர் தம்மை ஒப்புக்கொடுக்கிறார்."

"ஆமென்!" என்றது சபை.

வாத்தியார் பெண்கள் பக்கம் திரும்பினார். தங்கபாய் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தாள். எழுந்து 'இல்லை' என்று சொல்லலாம். எதை இல்லை என்பது? ஏறுவதில்லை என்றா? ஊழியம் வேண்டாம் என்றா? அதற்குள் உபதேசியார் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: வருகிற ஞாயிறு சபையார் எல்லாரும் ஏற்றத்தின் இரண்டு பக்கமும், அடி முதல் உச்சி வரை, வரிசையாக நின்று கீர்த்தனை பாடி வாத்தியாரை வழியனுப்புவார்கள்.

அடி முதல் உச்சி வரை. வளைவுக்கு அப்பாலும்!

திங்கட்கிழமை வாத்தியார் நாலு முட்டை தின்றுவிட்டு ஏறிப் பார்த்தார். பதினெட்டு மிதி. பத்தொன்பதாவது மிதியில் சைக்கிள் பின்னோக்கி வந்து, அவரை மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தது. புதன்கிழமை பாவா கடைக்கு ஓடினார்.

"அந்தப் பல்லு கூடுதல் உள்ள சக்கரம்..."

"அது பொம்பிளையளுக்குன்னு சொன்னியளே வாத்தியாரே. இப்ப கைவசம் இல்ல. கொல்லத்துல இருந்து வரணும். ரெண்டு வாரம் ஆவும்."

வியாழக்கிழமை சாயங்காலம் வாத்தியாருக்கு ஒரு யுக்தி உதித்தது. அதன் அழகில் மயங்கித் தனியாகவே சிரித்தார். நேரே அடுப்படிக்குப் போனார்.

"ஏட்டி தங்கபாய், ஒண்ணு ஆலோசிச்சேன். பொம்பிளையளுக்க வகுப்பு. ஆம்பிளை நான் போய் நின்னா அவளுவ கூச்சப்படுவாளுவ. நீ போயேன்."

"நானா! எம்மாடி, அந்த ஏத்தத்துல பொம்பிளை ஏற முடியாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

"ஏத்தமா? அது என்ன பெரிய ஏத்தம்! பைய நடந்தா கால் மணி நேரம். கிழவியளெல்லாம் விறகுக் கெட்டோட ஏறி இறங்குதாளுவ."

"பின்ன நீங்க முட்டை தின்னு முக்கி முனகி ஏறுனது?"

"அது... சைக்கிளுக்குத்தாம்ட்டி கஷ்டம். மனுசனுக்கு லேசு."

"பொருத்தனை ஒங்க பேருலயில்லா இருக்கு?"

"புருசனுக்க பொருத்தனையப் பொண்டாட்டி நெறவேத்துனா கர்த்தர் வேண்டாம்னா சொல்லுவாரு?"

"மத்தியானச் சோறு?"

"நான் வச்சுக்கிடுதேன்."

"கறி?"

"அதுவும்."

"பிள்ளையளைக் குளிப்பாட்டி, துணி கழுவிப் போடணுமே?"

வாத்தியாரின் கண்ணுக்கு முன்னால் ஏற்றமும், இரண்டு பக்கமும் வாயைத் திறந்து பாடுகிற சபையும் தெரிந்தன.

"செரி."

தங்கபாய் பெருமூச்சு விட்டாள். "நீங்க இவ்வளவு கெஞ்சுனா நான் எப்படி மாட்டேன்னு சொல்லியது?"

அப்பாடா! வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே உபதேசியார் வீட்டுக்கு நடந்தார். பெண்புத்தி எவ்வளவு லேசாக வளைகிறது என்று வழியெல்லாம் வியந்தார். முகத்தில் தியாகத்தின் சாயலை வரவழைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உபதேசியாரே, அந்த வகுப்புக்கு எனக்க பொண்டாட்டிய ஒப்புக்கொடுக்கேன். அவளுக்கு இஷ்டம் இல்லை. நான்தான் பறஞ்சு பறஞ்சு சம்மதிக்க வச்சேன்."

உபதேசியார் உள்ளே போய் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். முதல் வரியில், காய்ந்து பல நாளான மையில், தங்கபாயின் பெயர் இருந்தது.

"கொள்ளாம், நல்ல காரியம் வாத்தியாரே. பேரு சனிக்கிழமையே எழுதியாச்சு. நீங்க செவ்வாக்கிழமை வந்து கேப்பியன்னு ஒங்க வீட்டம்மா சொன்னாவ. ரெண்டு நாளு பிந்திட்டிய."